ஐந்து சாட்சிகளும் ஒரு வாயும்

லாம்பர்ட் ஹூக்ஸமா வேதத்தைத் தவிர வேறு எதையும் முறையாகப் படித்தவர் இல்லை. மற்ற படிப்புகளை எல்லாம் அவர் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அவை வந்தன, அலைடா சமைத்த மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் சாப்பிட்டன, எழுந்து போகும்போது ஆளுக்கொரு வாக்கியத்தை மேஜையில் விட்டுவிட்டுப் போயின. அந்த வாக்கியங்களைப் பொறுக்கித்தான் அவர் பெரிய மனிதர் ஆனார். வேதத்தில் ரூத்தும்தான் அறுத்த வயலில் கதிர் பொறுக்கினாள். ஆனால் அந்தப் பெண் வெயிலில் முதுகு வளைந்து பொறுக்கினாள். இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே பொறுக்கினார்.

மிஷிகன் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் நியூ ஆம்லாண்டில் எல்லாருடைய பாட்டனும் ஹாலந்திலிருந்து கப்பலேறி வந்தவர்தான். எல்லாருடைய அப்பாவும் கறுப்புச் சேற்றில் செலரிக் கீரை நட்டவர்தான். லாம்பர்ட்டின் அப்பாவும் நட்டார். லாம்பர்ட் நடவில்லை. சின்ன வயதிலேயே அவருக்கு நல்ல குரல் வந்துவிட்டது. வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தால் மாடுகூட அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும் என்பார்கள். அந்தக் குரலை நம்பி அவரைப் படிக்க வைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் டாக்டர் பட்டத்தோடு திரும்பினார். ஊர் எல்லையில் இருக்கும், போதகர்களைப் பயிற்றுவிக்கும் செமினரியில் பழைய ஏற்பாடு கற்பிக்கச் சேர்ந்தார். அலைடா வைங்கார்டனைக் கட்டிக்கொண்டார்.

அலைடா! அந்தப் பெயரை எழுதும்போதே எனக்கு மனம் கனக்கிறது. தாய் இல்லாமல் வளர்ந்தவள். அவளுக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து, காய்ச்சலில் கஞ்சி ஊட்டியதுவரை எல்லாம் அவளுடைய அண்ணன் ஈவர்ட்தான். போலியோவில் ஒரு கால் சூம்பிப்போனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். தங்கையின் கையை லாம்பர்ட்டிடம் கொடுத்த அன்று அவர் அழவில்லை; கோவிலுக்கு வெளியே போய், மேப்பிள் மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்து நாங்கள் அழுதோம்.

செமினரியில் பல வருஷம் லாம்பர்ட்டை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க ஒன்றும் இல்லை. பிறகு வெளியே ஒரு காற்று அடிக்க ஆரம்பித்தது. வேதத்தை மொழியாக மட்டும் படித்தால் போதாது; மண்ணைத் தோண்டுகிறவனையும், விளைச்சலைக் கணக்கிடுகிறவனையும், குலவழக்கம் அறிந்தவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டும் என்றார்கள். நல்ல காற்றுதான். நேர்மையான மனிதர்கள் அதில் பாய் விரித்துத் தூரதேசம் போய்வந்தார்கள். லாம்பர்ட்டும் பாய் விரித்தார். துறைமுகத்தை விட்டு மட்டும் நகரவில்லை.

அவருடைய திட்டத்துக்கு 'ஐந்து சாட்சிகள்' என்று பேர் வைத்தார். ரூத்தின் கதை. பெத்லகேமில் பஞ்சம் வருகிறது, ஒரு குடும்பம் பக்கத்து மோவாப் தேசத்துக்குப் போகிறது, விதவைகளாய்த் திரும்புகிறார்கள். இந்தப் பஞ்சம் உண்மையாகவே, இஸ்ரவேலுக்கு ராஜாக்கள் வருவதற்கு முன்னால் இருந்த நியாயாதிபதிகள் காலத்தில் நடந்தது என்று ஐந்து துறைகள் தனித்தனியாக வந்து சாட்சி சொல்லப்போகின்றன. வேத ஆராய்ச்சி ஒன்று, அகழ்வாய்வு ஒன்று, பொருளாதாரம் ஒன்று, மானிடவியல் ஒன்று, தாவரவியல் ஒன்று. கேட்கவே புல்லரிக்கும். எங்கள் சபைகளெல்லாம் கூடும் சினாட் கூட்டத்தில் அவர் இதை விளக்கியபோது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேலை நடந்த லட்சணத்தை அலைடா பிற்பாடு என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை பொருளாதாரக்காரர் வந்திருந்தார். இவரு அவருக்கு ரெண்டாவது தடவ இறைச்சி போட்டுக்கிட்டே கேக்கறாரு: 'ஏங்க, பஞ்சத்துல நெலத்த விட்டுட்டு ஊரவிட்டே போறானே, அதுக்கு உங்க படிப்புல ஒரு வார்த்த இருக்குமே?' அவரும் ஏதோ ஒரு நீளமான வார்த்த சொன்னாரு. இவரு அத ரெண்டு தடவ சொல்லிப் பாத்தாரு, குழந்த புதுப் பல்ல நாக்கால தொட்டுப் பாக்குமே, அந்த மாதிரி. அடுத்த மாசம் அந்த வார்த்த கட்டுரைக்குத் தலைப்பாயிடுச்சு."

"புத்தகம் எதுவும் படிக்க மாட்டாரா?" என்று கேட்டேன்.

"முன்னுரையும் முடிவுரையும் படிப்பாரு. நடுவுல இருக்கறது அந்தத் துறைக்காரங்களுக்குன்னு சொல்லுவாரு."

ஈவர்ட் அப்படி இல்லை. யோர்தான் பள்ளத்தாக்கில் ஒரு ஏரியின் அடியிலிருந்து குழாய் இறக்கி எடுத்த சேறு அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தது. அடுக்கடுக்கான சேறு. ஒவ்வொரு அடுக்கிலும் அந்தந்தக் காலத்தில் காற்றில் பறந்து விழுந்த மகரந்தத் துகள்கள். நுண்ணோக்கியில் குனிந்து அவற்றை எண்ணினால் எப்போது கோதுமை விளைந்தது, எப்போது ஒலிவமரம் காய்ந்தது என்று தெரியும். சூம்பிய காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு அவர் அந்தச் சேற்றோடு வருஷங்களைக் கழித்தார்.

அந்தச் சேற்றில் ஒரு வறண்ட பட்டை தெரிந்தது. ஒரு ஞாயிறு மதியம் ஈவர்ட் அதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னார்.

"மழையே இல்லாத காலம் ஒண்ணு நல்லாத் தெரியுது, மாப்ள. ஆனா எந்தக் காலம்னு சொல்ல முடியல. கார்பன் சோதனைக்கு அனுப்ப ஒரு சருகு, குச்சி, ஒண்ணும் கெடைக்கல."

லாம்பர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நியாயாதிபதிகள் காலம்தான், மச்சான். ரூத்துல பஞ்சம் இருக்கே! இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நிச்சயமாத் தெரியுமா?"

"எங்க துறையில எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயம்."

எங்கே ஒத்துக்கொண்டார்கள்? அந்தக் கதை எப்போது எழுதப்பட்டது என்பதற்கே அவருடைய துறைக்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். ஈவர்ட்டுக்கு அது தெரியாது. அவர் தாவரம் படித்தவர். அடுத்த துறைக்காரர், அதுவும் தங்கை புருஷன், 'எல்லாரும் ஒத்துக்கொண்டது' என்றால் நம்பினார். வறண்ட பட்டைக்கு அந்தக் காலத்தைப் போட்டு, தன் முடிவை ஒரு தாவரவியல் இதழில் எழுதினார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. லாம்பர்ட் அந்த இதழைக் கையில் தூக்கிப் பிடித்தார். 'பாருங்கள், வேதத்தைத் திறந்தே பார்க்காத ஒரு விஞ்ஞானம் வேதம் சொன்ன அதே காலத்தைச் சொல்கிறது!' என்றார். பொருளாதாரக்காரர் பஞ்சத்தின் காலத்தை ஈவர்ட்டிடமிருந்து எடுத்தார். மானிடவியல்காரர் குடிபெயர்ந்த காலத்தைப் பொருளாதாரக்காரரிடமிருந்து எடுத்தார். அகழ்வாய்வுக்காரர், தான் தோண்டிய எரிந்த வீட்டுக்கு எந்தக் காலம் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தவர், மற்ற மூன்று பேரையும் பார்த்துத் தானும் அதே காலத்தைப் போட்டார். எல்லாருக்கும் மேலே லாம்பர்ட் ஏறி நின்று ஐந்து சாட்சிகள் என்றார். எல்லாச் சாட்சிக்கும் மூலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்ன ஒற்றை வாக்கியம். தன் குரலே மலையில் மோதித் திரும்பி வந்ததைக் கேட்டு, மலை தனக்குச் சாட்சி சொல்கிறது என்று நம்பிய மனிதர்!

செமினரி மயங்கிப்போனது. வேதத்தையும் பிற துறைகளையும் சேர்த்துப் படிப்பதற்கென்றே ஒரு பேராசிரியர் பீடம் உண்டாக்கி, அதில் லாம்பர்ட்டை உட்கார வைப்பதாக அறிவித்தார்கள். அக்டோபரில் பீடமேற்கும் உரை. ஊரெல்லாம் அதே பேச்சு.

அந்த உரைக்குச் சில வாரங்கள் முன்னால் ஈவர்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிறிப்போன முகத்தோடு வந்தார். சேற்றின் ஒரு துண்டில், இதுவரை கண்ணில் படாமல் இருந்த சின்னக் குச்சி ஒன்று கிடைத்திருந்தது. கார்பன் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்துவிட்டது.

"அந்த வறட்சி நியாயாதிபதிகள் காலமே இல்ல, மாப்ள. பல நூறு வருஷம் முந்தி."

அலைடா குழம்புக் கிண்ணத்தோடு சமையலறை வாசல்படியில் நின்றுவிட்டாள்.

"நீங்க சொன்ன காலத்த வெச்சு நான் பட்டைக்குத் தேதி போட்டேன்," என்றார் ஈவர்ட். "என் தேதிய வெச்சு நீங்க பஞ்சத்துக்குத் தேதி போட்டீங்க. உங்க முதுகுல நான் உக்காந்திருக்கேன், என் முதுகுல நீங்க உக்காந்திருக்கீங்க. கீழ குதிரையே இல்ல."

"குச்சி எங்கயாவது வேற அடுக்குலேருந்து நழுவி வந்திருக்கும்."

"நழுவல. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"இப்பப் போயி இதச் சொல்றீங்களே, மச்சான். அழைப்பிதழ் அச்சாயிடுச்சு."

"சேத்துக்கு அழைப்பிதழ் தெரியாதே."

அலைடா கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லிடுங்க," என்றாள். "தப்பு ரெண்டு பேருதும்தானே? நீங்க சொன்னீங்க, அண்ணன் நம்பிச்சு. அவ்வளவுதான? யாரும் தலைய வெட்டிடப் போறதில்ல."

ஈவர்ட்டுக்கு அதில் தலைபோகிற விஷயம் இருந்தது. கல்லூரி அவருடைய ஆய்வுக்கூடத்தை மூட ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தது. தப்பு தன் ஒருவன் தலையில் மட்டும் விழுந்தால் ஆய்வுக்கூடமும் போகும், கண் கெடக் கெட எண்ணிச் சம்பாதித்த பேரும் போகும். இரண்டு பேரும் சேர்ந்து, இப்படித்தான் சறுக்கினோம் என்று சொன்னால் அது மரியாதையான தவறு. மற்றவர்களுக்குப் பாடமாகவும் இருக்கும். இதை அவர் நிதானமாக விளக்கினார். லாம்பர்ட் கேட்டார். கடைசியில் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உரையிலயே சொல்லிடறேன். என் வாயாலயே சொல்றேன். நீங்க கவலப்படாதீங்க."

எங்கள் வீடுகளில் சாப்பாடு முடிந்ததும் மேஜையை விட்டு எழாமல் வேதத்தில் ஒரு அதிகாரம் வாசிப்போம். அன்றைக்கு வரிசைப்படி வந்தது வெறும் பெயர்ப் பட்டியல். இன்னான் இன்னானைப் பெற்றான் என்று அதையும் லாம்பர்ட் கணீரென்று வாசித்தார். ஈவர்ட் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாவி மனுஷன், நம்பினார்!

உரை நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. சபைப் பெண்கள் பாதாம் பலகாரம் சுட்டு அடுக்கியிருந்தோம். ஈவர்ட் மூன்றாவது வரிசையில், அலைடாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். லாம்பர்ட் பேசினார். ஐந்து சாட்சிகளையும் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றினார். நான் அலைடாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று ஒவ்வொரு பத்திக்கும் அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். உரை முடிந்தது. அவர் சொல்லவில்லை.

கைதட்டல் அடங்கியதும் டொராண்டோவிலிருந்து வந்திருந்த டாக்டர் ஹெலன் மக்ரே எழுந்தார். லாம்பர்ட்டின் சாட்சிகளில் சேராத வேறொரு அகழ்வாய்வுக்காரர். மெலிந்த, நரைத்த பெண்மணி. வேதத்தையும் மண்ணையும் உண்மையாகவே இரண்டு கையிலும் பிடித்துப் படித்தவர்.

"டாக்டர் ஹூக்ஸமா, ஒரே ஒரு சந்தேகம். மகரந்தப் பட்டையோட காலம் வேதத்தப் பாக்காம வந்ததா, பாத்துட்டு வந்ததா?"

"புரியலையே, அம்மா."

"சாட்சிங்க தனித்தனியா வந்தாத்தான் சாட்சி. ஒண்ணா உக்காந்து சாப்ட்டுட்டு வந்தா அது சொந்தக்காரங்க."

சிலர் சிரித்தார்கள். லாம்பர்ட் தண்ணீர் குடித்தார். அந்த நேரத்தில்கூட அவருக்கு வழி திறந்தே இருந்தது. ஒரு வாக்கியம் போதும். 'அந்தக் காலத்தை அவருக்குச் சொன்னதே நான்தான்' என்று சொன்னால் முடிந்தது. பீடம்கூடப் போயிருக்காது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அவர் தலையைக் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். இழவு வீட்டில் ஜெபம் செய்கிற அந்தக் குரல்.

"நான் வேத மாணவன். மகரந்தத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும்? அந்தத் துறை அறிஞர் சொன்னத நம்பினேன். இப்ப அந்தத் தேதி தப்புன்னு அவருக்கே தெரிய வந்திருக்கு. அவர் என் மனைவியோட அண்ணன். ஆனாலும் உண்மைய நான் மறைக்க மாட்டேன். ஒரு சாட்சி தவறினாலும், நாலு சாட்சி நிக்குது."

பல துறைகளைச் சேர்த்துப் படிப்பதில் லாம்பர்ட் கண்டுபிடித்த வசதி இதுதான். பாராட்டு வந்தால் எல்லாத் துறையும் அவருடையது. அடி வந்தால் அது அடுத்தவன் துறை.

எல்லாரும் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தார்கள். ஈவர்ட் எழுந்தார். முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. லாம்பர்ட்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கப் போனாள். அவர் அவள் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

"தேதி போட்டது என் கை," என்றார். "தப்பு என்னோடதுதான்."

உட்கார்ந்துவிட்டார். தங்கையின் குடும்பத்தைக் கூட்டத்தில் கிழித்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. இதை எல்லாம் அறியாத மண்டபம் லாம்பர்ட்டின் நேர்மைக்காக எழுந்து நின்று கைதட்டியது! சொந்த மச்சானையே விட்டுக்கொடுத்து உண்மையைச் சொன்ன மகான்! செமினரித் தலைவர் போர்ஸ்மா கண் கலங்கி அவரைத் தழுவிக்கொண்டார். டாக்டர் மக்ரே மட்டும் பலகாரத்தைத் தொடாமல் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிறிஸ்துமஸுக்கு முன்பே ஈவர்ட்டின் ஆய்வுக்கூடத்தைக் கல்லூரி மூடியது. அவருடைய சேற்றுக் குழாய்கள் கொட்டகைக்குப் போயின.

உரை முடிந்து காரில் திரும்பும்போது லாம்பர்ட் நல்ல உற்சாகத்தில் இருந்தாராம்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று அலைடா கேட்டாள்.

"உண்மையத்தான சொன்னேன்? தேதி போட்டது அவர்தான?"

"சொன்னது யாரு?"

"சாப்பாட்டு மேஜையில ஆயிரம் பேசுவோம், அலைடா. அதெல்லாம் ஆராய்ச்சியா?"

"உங்க ஆராய்ச்சி பூரா அங்கதான நடந்தது?"

அவர் ரேடியோவைப் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோவிலில் ஒரு காரியம் நடந்தது. எங்கள் சபையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெஞ்சு. சாகும்வரை அதே பெஞ்சுதான். முதல் பாட்டு ஆரம்பித்தபோது அலைடா வந்தாள். லாம்பர்ட் எழுந்து வழிவிட்டு நின்றார். அவள் நிற்கவில்லை. அவரைத் தாண்டி நேராக நடந்து, வலது பக்கம் தனியாக உட்கார்ந்திருந்த ஈவர்ட்டின் பெஞ்சில் போய் அமர்ந்து, அண்ணனின் பாட்டுப் புத்தகத்தை வாங்கித் தானும் பாடினாள். பாதிச் சபை பாட்டை விட்டுவிட்டது. லாம்பர்ட் மட்டும் கணீரென்று பாடினார். அன்று சாயங்காலமே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மணவிலக்கு என்ற பேச்சை எங்கள் சபையில் யாரும் எடுக்கமாட்டோம். இது அதைவிடச் சத்தமாகக் கேட்டது.

சபை மூப்பர் கெரிட் ஸ்லாகர் அவளைப் பார்க்கப் போனார். செலரித் தோட்டக்காரர். ஏழு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"வீட்டுக்குப் போம்மா."

"போறேன், ஐயா. அவரு சபையில எழுந்து நின்னு ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும், அன்னிக்கே போறேன்."

"என்ன வாக்கியம்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முள்கரண்டியைக் கீழே வைத்தது, குச்சி, கையைப் பிடித்துக்கொண்டு கொடுத்த வாக்கு, எல்லாம். ஈவர்ட் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, 'போதும் தங்கச்சி, போதும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவள் நிறுத்தவில்லை. ஸ்லாகர் தொப்பியைச் சுழற்றிச் சுழற்றிக் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அதற்கடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் நாங்கள் எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். லாம்பர்ட்டைச் சுற்றி இரண்டு பேர். அவர் மனைவி போனதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். வெட்கமாவது, துக்கமாவது! புதிதாக ஒரு மானிடவியல் புத்தகத்தின் முன்னுரையைப் படித்திருக்கிறார்.

"ரூத் காலத்துச் சமூகத்துல பொம்பளைங்களுக்குப் பொறந்த வீட்டுப் பிணைப்புதான் அடிப்படை. மானம், அவமானம்ங்கற கட்டமைப்புல பாத்தீங்கன்னா, அலைடா போனது ரொம்ப இயல்பானது. இத வெச்சு ஒரு கட்டுரையே எழுதலாம்."

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார். ஸ்லாகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து லாம்பர்ட்டின் எதிரே நின்றார். அந்தப் பக்கத்துப் பேச்செல்லாம் நின்றது. அலைடாவும் ஈவர்ட்டும் மாடிப்படியின் அடியில் நின்றார்கள்.

"வாத்தியாரே, ஒரு கேள்வி."

"கேளுங்க, மூப்பரே."

"ஈவர்ட்டுக்கு அந்தக் காலத்தச் சொன்னது நீங்களா?"

லாம்பர்ட் புன்னகைத்தார். மண்டபத்தில் தண்ணீர் குடித்தபோது அணிந்த அதே முகம். "அது அவ்வளவு எளிய கேள்வி இல்ல, மூப்பரே. 'சொல்றது'ன்னா என்ன? துறைகளுக்கு நடுவுல ஒரு தகவல் கைமாறும்போது..."

"ஆமாவா, இல்லையா?"

"பல கோணத்துலேருந்து பாக்கணும். அறிவோட சமூகவியல் என்ன சொல்லுதுன்னா, ஒரு கருத்துக்குத் தனி ஆள் யாரும் சொந்தக்காரரா இருக்க முடியாது..."

ஸ்லாகர் அவர் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. எங்கள் எல்லார் பக்கமும் திரும்பினார்.

"ஆமாங்கறாரு," என்றார்.

பிறகு நேரே மாடிப்படியருகே போய் ஈவர்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி போனாள், பிறகு நான் போனேன், பிறகு ஒருவர் பின் ஒருவராக வரிசையே போனது. ஆய்வுக்கூடம் திரும்பி வரவில்லை. பீடமும் லாம்பர்ட்டை விட்டுப் போகவில்லை. போர்ஸ்மா போன்றவர்கள் எந்த ஊரிலும் குறைவதில்லை. ஆனால் அன்று ஈவர்ட் தன் கையைக் கொடுத்துக் கொடுத்துச் சோர்ந்து, கடைசியில் தங்கையின் தோளில் முகத்தை வைத்து, அவளுடைய கல்யாணத்தன்று அழாததை எல்லாம் அழுதார்.

அந்தப் பக்கம், காலியான காப்பி மேஜையின் முன்னால், லாம்பர்ட் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார்.